பசுபிக் தீவுகளின் பொது மேசையும் கல்முனைக் கரையின் பிரிந்த மைதானங்களும்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2028 ஆம் ஆண்டு நடைபெறவுள்ள ஒலிம்பிக் விழாவில் ஸ்குவாஷ் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பெறவுள்ளது. 2023 ஒக்டோபர் 16 ஆம் திகதி மும்பாயில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அமர்வு இதற்கான அங்கீகாரத்தை வழங்கியது. அதே அமர்வு கிரிக்கெட்டையும் மீண்டும் சேர்த்துக்கொண்டதால் எமது ஊடகங்களில் கிரிக்கெட் செய்தியே மேலோங்கி நின்றது. ஸ்குவாஷ் பற்றிய செய்தி ஓரிரு வரிகளுடன் முடிந்துபோயிற்று. ஆயினும் அந்த ஓரிரு வரிகளுக்குப் பின்னால் இருக்கும் நிர்வாக வரலாறு எம்மவர் கவனத்துக்குரியது.

இந்த அங்கீகாரத்துக்காக உலக ஸ்குவாஷ் சம்மேளனம் பல தடவைகள் விண்ணப்பித்துத் தோல்வி கண்டது. 2013 இல் புவெனஸ் அயர்ஸ் அமர்வில் மல்யுத்தத்திடம் தோற்றது. சம்மேளனத்தின் தலைமையில் 2002 முதல் 2008 வரை இருந்தவர், பிரித்தானிய பகிரங்கப் போட்டியைத் தொடர்ந்து பத்து முறை வென்ற பாகிஸ்தானிய வீரர் ஜஹாங்கீர் கான். அவருக்குப் பின் 2016 வரை அப்பதவியை வகித்தவர் சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன். கராச்சியில் பிறந்த ஒரு முஸ்லிமும் சென்னைத் தமிழர் ஒருவரும் அடுத்தடுத்து வகித்த அந்தப் பதவியில் இருவருமே பலனைக் காணவில்லை. வெற்றி வந்தது அவர்கள் விலகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. தலைவர்கள் மாறினார்கள், அமைப்பின் கோரிக்கை மாறவில்லை. தனிமனிதருக்கு அப்பால் ஓர் அமைப்பு நிலைபெறுவது என்பதன் பொருள் இதுவேயாகும்.

ஸ்குவாஷ் அம்பாறைக் கரையோரத்தின் விளையாட்டு அல்ல என்பதை நாம் அறிவோம். எமது ஊர்களில் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் கரப்பந்தாட்டமும் கபடியுமே மாலைப் பொழுதுகளை ஆள்கின்றன. எனினும் சிதறிக் கிடக்கும் சிறிய சமூகங்கள் ஒரு விளையாட்டைக் கூட்டாக எவ்வாறு நிர்வகிக்கின்றன என்ற கேள்வி எந்த விளையாட்டுக்கும் பொதுவானது. அக்கேள்விக்கு விடை தேடுவோர் பசுபிக் தீவுகளின் பக்கம் பார்வையைத் திருப்புவது பயனுள்ளது.

உலக ஸ்குவாஷ் நிர்வாகம் ஐந்து பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று ஓசியானியா. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதன் இரு பெரும் சக்திகள். அவற்றின் அருகில் பப்புவா நியூகினி, பீஜி, சமோவா போன்ற தீவு நாடுகள் அமர்கின்றன. பல ஆயிரம் கிலோமீற்றர் கடல் அவற்றைப் பிரிக்கின்றது. ஒரு நாட்டின் அணி மற்றொரு நாட்டுக்குச் செல்ல விமானச் செலவே பெருஞ்சுமை. பணமும் பயிற்றுநர்களும் பெரிய இரு நாடுகளிடமே குவிந்துள்ளன. இத்தகைய அமைப்பொன்றை நடத்துவோர் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். மேசையில் யாருக்குக் குரல் உண்டு? பணம் யார் கையால், யார் கண்முன்னே செலவாகின்றது? போட்டி எந்த ஊரில் நடைபெறும்?

முதலாவது கேள்விக்கு ஓசியானிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு ஒரு விடையைத் தருகின்றது. அதன் பதினொரு முழு அங்கத்துவ நாடுகளுக்கும் சமமான வாக்கு உண்டு. ஐம்பது இலட்சம் மக்களைக் கொண்ட நியூசிலாந்தும், ஒரு சிறு பட்டினத்தின் மக்கள் தொகையை மாத்திரமே கொண்ட குக் தீவுகளும் வாக்கெடுப்பில் ஒன்றே. பெரியவருக்குச் சிறியவரின் சம்மதம் தேவைப்படுவதால் சிறியவர் மேசையை விட்டு எழுந்து செல்வதில்லை. உலகக் கிண்ணத்தில் நேரடி இடமொன்றில்லாமல் நீண்ட காலம் தவித்த அப்பிராந்தியம், 2026 உலகக் கிண்ணத்திலிருந்து உறுதியான ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டது. 2025 மார்ச்சில் நியூ கலிடோனியாவை வென்று அந்த இடத்தை நிரப்பியது நியூசிலாந்தே என்றாலும், அந்த இடம் பிராந்தியத்துக்குக் கிடைத்த இடமாகும்.

மூன்றாவது கேள்விக்குப் பசுபிக் விளையாட்டு விழா விடை தருகின்றது. 1963 இல் பீஜியின் சுவா நகரில் ஆரம்பமான அவ்விழா, இன்று 24 அங்கத்தவர்களைக் கொண்ட பேரவையினால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படுகின்றது. ஸ்குவாஷும் அதில் இடம்பெற்றுவந்த விளையாட்டுகளுள் ஒன்றாகும். பெருவிழாவை நடத்தும் வசதியற்ற தீவுகள் என்றும் விருந்தினராகவே இருந்துவிடக் கூடாது என்பதற்காக 1981 முதல் இடையில் ஒரு சிறுவிழாவும் நடைபெறுகின்றது. 2025 இல் அதனை நடத்தியது பலாவு. இருபதாயிரத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் நாடு அது. கல்முனை மாநகர எல்லைக்குள் வாழும் மக்கள் தொகை அதனைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

பசுபிக் தீவுகளை நாம் பொன்னுலகாகக் காட்ட முனையவில்லை. இரண்டாவது கேள்வியில், அதாவது பணத்தில், அவர்களும் இடறி விழுந்தவர்களே. ஓசியானிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பப்புவா நியூகினியின் டேவிட் சுங், தலைமையகக் கட்டுமானம் தொடர்பான கணக்காய்வில் கேள்விகள் எழுந்ததையடுத்து 2018 இல் பதவி விலகினார். மறு ஆண்டு பீபா அவரை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தடைசெய்தது. அங்கும் தவறு நடந்தது. ஆனால் கணக்கைப் பார்க்கும் ஒரு கண் இருந்தபடியால் அது வெளிவந்தது. அமைப்பும் எஞ்சி நின்றது.

இனி எமது நாட்டின் நிலையை நோக்குவோம். 2023 ஆம் ஆண்டு இலங்கை விளையாட்டு நிர்வாக வரலாற்றில் கறைபடிந்த ஆண்டாகும். ஜனவரியில் பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. மே மாதத்தில் ரக்பி நிர்வாகம் சர்வதேச அமைப்பினால் இடைநிறுத்தப்பட்டது. நவம்பர் 10 ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. ஓர் ஆண்டுக்குள் மூன்று விளையாட்டுகள். மூன்றுக்கும் கூறப்பட்ட காரணம் ஏறத்தாழ ஒன்றே: அரசின் அல்லது மூன்றாந் தரப்பின் தலையீடு. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சம்மேளனங்களின் மீது அமைச்சருக்கு வழங்கியுள்ள பரந்த அதிகாரமும், அந்த அதிகாரத்துக்கு இடமளிக்கும் வகையில் சம்மேளனங்கள் தம் வீட்டைத் தாமே ஒழுங்குசெய்யத் தவறியமையும் இந்நிலைக்கு வழிவகுத்தன. அமைச்சர் மீது மாத்திரம் பழி போடுவதோ, நிர்வாகிகள் மீது மாத்திரம் பழி போடுவதோ உண்மையில் பாதியையே சொல்வதாகும்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? உதைபந்தாட்டத் தடை ஓகஸ்ட் இறுதியில் நீங்கும் முன்னர் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை பங்குபற்ற இயலவில்லை. கிரிக்கெட் தடையினால் இலங்கை மண்ணில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. கொழும்பில் நாற்காலிகளுக்காகச் சண்டையிட்டவர்களின் நாற்காலிகள் பின்னர் திரும்பக் கிடைத்தன. இருபத்திரண்டு வயதில் ஓர் ஆண்டை இழந்த வீரனுக்கு அந்த ஆண்டு திரும்பக் கிடைக்காது. அண்டை நாடான இந்தியாவும் இந்தக் கசப்பை அறியும். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் தம் தேசியக் கொடியின்றி அணிவகுத்தமைக்கு இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் இடைநிறுத்தமே காரணமாயிற்று.

கொழும்பின் சண்டை கொழும்பு வீரனையே இவ்வாறு பாதிக்குமாயின், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, நிந்தவூர், காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் இளைஞனின் கதி யாது? அவன் பிரதேச மட்டத்தில் வென்று, மாவட்டத்தில் வென்று, மாகாணத்தில் வென்ற பின்னரே தேசியக் களத்தைக் காண்கின்றான். இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் அவனுக்காகப் பேச ஒரு குரல் தேவை. அந்தக் குரலை நாம் உருவாக்கியுள்ளோமா என்பதே எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 வீதத்துக்கும் சற்று அதிகமாகவும், சிங்களவர் 39 வீதத்தை அண்மித்தும், தமிழர் 17 வீதமாகவும் உள்ளனர். மாவட்டத் தலைநகர் உள்நாட்டில் அமைந்திருக்க, தமிழ் பேசும் மக்கள் பெரும்பாலும் கரையோரத்திலேயே செறிந்து வாழ்கின்றனர். தமிழும் முஸ்லிமுமாக ஒன்று சேர்ந்தால் மாவட்டத்தின் எந்த மேசையிலும் புறக்கணிக்க முடியாத தொகை இது. ஆனால் நடந்தது என்ன? கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. அதற்கு எதிராகச் சத்தியாக்கிரகமும் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வழங்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. இக்கோரிக்கைகளின் நியாய அநியாயங்களை இங்கு நாம் தீர்க்க முற்படவில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் அதனதன் நியாயம் உண்டு. நாம் அஞ்சுவது, செயலக எல்லைக்காக வரையப்பட்ட கோடு மைதானத்தின் நடுவிலும் விழுந்துவிடுமோ என்பதையே.

ஊருக்கொரு கழகம் இருப்பது பெருமைக்குரியது. ஆனால் ஊருக்கொரு கழகம் இருந்தும் ஊர்களுக்கிடையே ஒரு பொது மேசை இல்லாவிடின், ஒவ்வொரு கழகமும் தனித்தனியே அரசியல்வாதியின் வாசலில் நிற்க வேண்டியதாகின்றது. ஒரு கிண்ணமும் ஒரு சோடி சீருடையும் கிடைக்கும். தேர்தல் முடிந்ததும் வாசல் மூடிக்கொள்ளும். மைதானத்துக்கு மின்னொளியும், பயிற்றுநருக்குச் சம்பளமும், வீரனுக்குப் பயணச் செலவும் இவ்வழியில் கிடைப்பதில்லை.

ஆகவே கரையோர ஊர்களின் கழகங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு பொது விளையாட்டுப் பேரவை அமைக்கப்பட வேண்டுமென நாம் முன்மொழிகின்றோம். அது இருக்கின்ற லீக்குகளையோ பிரதேச விளையாட்டு உத்தியோகத்தர்களின் பணியையோ அகற்றுவதற்கன்று, அவற்றை ஒருங்கிணைப்பதற்கே. அதன் யாப்பு சில அடிப்படைகளில் உறுதியாக இருத்தல் வேண்டும். பெரிய ஊராயினும் சிறிய ஊராயினும் வாக்கு ஒன்றே. தலைமைப் பதவி ஊர்களுக்கிடையேயும் இரு சமூகங்களுக்கிடையேயும் சுழல வேண்டும். எவரும் இரு தவணைக்கு மேல் இருக்கலாகாது. ஆண்டுப் போட்டி கல்முனையிலேயே தங்கிவிடாமல் ஒரு வருடம் திருக்கோவிலிலும் மறு வருடம் பொத்துவிலிலும் நடைபெற வேண்டும். பாராளுமன்ற, மாகாண, உள்ளூராட்சி சபைகளின் உறுப்பினர்கள் பதவி வகிக்கலாகாது. கணக்கறிக்கை ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்கு முன்னரே கழகங்களின் கைக்கு எட்ட வேண்டும். பிணக்குகளைத் தீர்க்கப் பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஆலய பரிபாலன சபைகளும் ஏற்கும் பெரியோர், ஓய்வுபெற்ற அதிபர்கள், நீதித்துறை அனுபவமுள்ளோர் கொண்ட ஒரு தனிக் குழு இருத்தல் நன்று.

பெண் பிள்ளைகளின் பங்கு பற்றியும் இங்கு குறிப்பிட வேண்டியுள்ளது. திறந்த மைதானத்தில் விளையாடத் தயங்கும் குடும்பங்கள் இரு சமூகங்களிலும் உண்டு. அத்தயக்கத்தைக் குற்றம் சாட்டுவதைவிட அதற்கு வழி காண்பதே அறிவுடைமை. பூப்பந்து, மேசைப்பந்து, ஸ்குவாஷ் போன்ற உள்ளக விளையாட்டுகள் அவ்வழியைத் திறக்கின்றன. ஸ்குவாஷில் எகிப்திய, மலேசியப் பெண்கள் உலக உச்சத்தைத் தொட்டுள்ளார்கள். சென்னையில் உருவான ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014 கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டியில் இந்தியாவுக்கு ஸ்குவாஷில் முதற்பதக்கத்தை, அதுவும் தங்கமாக, வென்று கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் அதே சென்னையில் இந்தியா ஸ்குவாஷ் உலகக் கிண்ணத்தை வென்ற அணியிலும் ஜோஷ்னா இருந்தார். ஒரு நகரில் நிலையான நிர்வாகமும் நிலையான பயிற்சிக் கூடமும் இருந்தமையே இதன் அடித்தளம். ஓர் உள்ளக மண்டபத்தைப் பல ஊர்கள் கூட்டாகப் பராமரித்து, பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் ஒதுக்குவது தனியொரு கழகத்தால் இயலாது. பொதுப் பேரவையால் இயலும்.

இன்னுமோர் அமைப்பா, இன்னும் சில நாற்காலிகளா என்று வினவுவோர் இருப்பர். அந்த ஐயம் நியாயமானதே. நாற்காலிக்காகவே பிறந்து நாற்காலியுடனேயே மடிந்த அமைப்புகளை இக்கரை பல கண்டுள்ளது. அதனாற்றான் ஆளைத் தெரிவதற்கு முன் யாப்பை எழுதுங்கள் என்கின்றோம். மற்றொரு சாரார், அரசியல் பிணக்குகள் தீர்ந்த பின்னர் இவற்றைப் பார்க்கலாம் என்பர். அப்பிணக்குகள் தீரும் வரை காத்திருப்பின் இன்றைய பதினாறு வயதுப் பையன் தந்தையாகிவிடுவான்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது இக்கரையில் தமிழன், முஸ்லிம் என அலை பேதம் பார்க்கவில்லை. அன்று கோவில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் ஒருவருக்கொருவர் கதவு திறந்தன. துயரத்தில் கூடிய கைகள் விளையாட்டில் கூட இயலாது என்பதை நாம் ஏற்கமாட்டோம். செயலக எல்லை எங்கே முடிகின்றது என்பதை நீதிமன்றமும் அரசும் தீர்மானிக்கட்டும். பந்து எங்கே உருளலாம் என்பதைக் கரையோரக் கழகங்களே கூடித் தீர்மானிக்கலாம். அதற்கான முதற் கூட்டத்தை அழைக்க எந்த ஊர்க் கழகம் முன்வந்தாலும் ஏனைய ஊர்கள் அதில் அமர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.