நீண்டகால விசா: சம்பளமும் ஜாமீனும் இல்லாதவர்களுக்கு என்ன வழி?

புது தில்லி: இந்தியாவில் நெடுநாள் தங்கிப் பணியாற்ற வரும் வெளிநாட்டவரிடம் மத்திய அரசு முதலில் கேட்பது சம்பளக் கணக்கு. வேலைவாய்ப்பு விசா பெற ஆண்டுக்குக் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் ஊதியம் இருக்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சகத்தின் விதி. இந்தியர்களே செய்யக்கூடிய வழக்கமான பணிகளுக்கு வெளியாட்கள் வரக்கூடாது என்பதே இதன் நோக்கம். தூதரகப் பணியாளர், மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலம் அல்லாத மொழிகளைக் கற்பிப்போர், தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையற்காரர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

இந்த வரம்பு முன்பு 25,000 டாலராக இருந்தது. டாலருக்கு 65 ரூபாய் என்று கணக்கிட்டால் கிடைப்பது இதே 16.25 லட்சம். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிட்டால், அத்தொகை சுமார் 19,000 டாலராகச் சுருங்கிவிடுகிறது. அறிவிப்பு ஏதுமின்றியே விதி தளர்ந்துவிட்டது எனலாம்.

பிரிட்டன் எதிர்த்திசையில் சென்றது. வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்வதற்கான வருமான வரம்பை 2024 ஏப்ரல் 11 முதல் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்த்தியது. ஊரில் மணம் முடித்துவிட்டு லண்டனில் சம்பளம் உயரக் காத்திருக்கும் தமிழர்களுக்கு இதன் வலி தெரியும்.

இந்தியாவிலோ வருமானமே கேட்காத ஒரு விசாவும் உண்டு. அதுவே நீண்டகால விசா. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவச் சிறுபான்மையினரும், இந்தியரை மணந்த பாகிஸ்தான் பெண்களும் இதைப் பெறலாம். சம்பளச் சான்றுக்குப் பதிலாக, இந்தியர் ஒருவர் பொறுப்பேற்று உறுதிப் பத்திரம் தர வேண்டும். தில்லியில் யமுனைக் கரையோரம் மஜ்னு கா டில்லாவில் வாழும் பாகிஸ்தான் இந்துக்களுக்கு இந்தக் காகிதம்தான் வாழ்வாதாரம். 2016ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட சலுகைகளால் வங்கிக் கணக்கு, பான் அட்டை, ஆதார், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைப் பெறவும், குடியிருக்கச் சிறு வீடு வாங்கவும் அவர்களுக்கு வழி பிறந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 ஏப்ரலில் பாகிஸ்தானியரின் விசாக்கள் ரத்தானபோதும், இந்துக்களுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட நீண்டகால விசாக்கள் செல்லும் என்று வெளியுறவு அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

இந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. சம்பளம் கேட்கும் கதவும் ஜாமீன் கேட்கும் கதவும் தமிழக முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர்களுக்குத் திறக்கவில்லை. 1983 முதல் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர். மாநில அரசு 2021இல் உயர்த்தி அறிவித்த உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய்.

2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், உரிய ஆவணமின்றி நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதனுடன் வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை இத்தண்டனையிலிருந்து விடுவித்தது. இது சிறிய நிம்மதி அல்ல. வழக்கு பாயும் என்ற அச்சம் நீங்கியுள்ளது. ஆனால் தண்டனை விலக்கும் தங்கும் உரிமையும் ஒன்றல்ல. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டப்படி தங்கிய காலம் கணக்கில் வர வேண்டும். விசா இல்லாதவரின் நாற்பதாண்டு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். தாயும் தந்தையும் முகாம்வாசிகள் என்றால், தமிழக அரசு மருத்துவமனையில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, பட்டமும் பெற்ற இளைஞர்கூடக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது.