குடும்ப நலம்: கரு கலைந்தபின் மிச்சம் தங்கினால்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துச் சென்றார். அவர் மனைவிக்கு ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. மூன்று வாரங்கள் கழிந்தும் உதிரம் நின்றபாடில்லை. “ஆஸ்பத்திரியில் ‘சஃபாயி’ செய்யவேண்டும் என்கிறார்கள். ஊரிலிருந்து அத்தை, ‘ஆயுதம் வைக்க விடாதே, தானே விழும்’ என்று தொலைபேசியில் அழுகிறார். நான் யார் சொல்லைக் கேட்பது, அண்ணா?” என்றார்.

நான் மருத்துவம் கற்றவன் அல்லேன். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், இதே ஐயத்தோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றவன். நீட்டிய தாளை வாசியாமல் கையொப்பமிட்டேன். என்ன செய்தார்கள் என்று கேட்க வெட்கம். கருப்பையையே எடுத்துவிட்டார்களோ என்று என் மனைவி ஆறு மாதம் உள்ளுக்குள் அஞ்சியிருக்கிறாள். அதுவும் எனக்குப் பின்னரே தெரிந்தது. வட இந்திய வார்டுகளில் ‘சஃபாயி’ என்பது கருப்பையின் உட்புறத்தைச் சுத்தம் செய்வதேயன்றி வேறன்று. அதைச் சொல்ல அன்று ஒருவருமில்லை. இத்தகைய விஷயத்தை ஆடவன் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பெரியோர் இதனால் பொறுத்தருள்க.

கரு கலையும்போது கருவும் அதனைச் சேர்ந்த நஞ்சும் முழுதும் வெளியேறாமல் ஒரு பகுதி உள்ளே தங்குவதுண்டு. இதில் பெண்ணின் குற்றம் யாதுமில்லை. குடம் தூக்கியதாலோ ரயிலில் ஊருக்குப் போய்வந்ததாலோ நேர்வதன்று. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்குக் குறையாமல் குரோமோசோம் பிழையால் கலைவனவே.

அத்தை சொன்னதும் முற்றும் தவறன்று. காய்ச்சலில்லை, உதிரம் மிகுதியில்லை என்றால், டாக்டர் கண்காணிப்பில் ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கலாம். பலருக்குத் தானே வெளியேறிவிடும். ஆனால் டாக்டர் அறியாமல் காத்திருப்பது வேறு. மணிக்கு இரண்டு பெரிய பஞ்சுத் துணி நனையும் அளவில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் உதிரம் போனாலும், குளிர்க் காய்ச்சல், துர்நாற்றம், கடும் வயிற்றுவலி, மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும், நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மறுநாள் டியூட்டியைப் பற்றி அப்பொழுது யோசிக்கலாகாது.

இரண்டாவது வழி மாத்திரை. மிசோப்ரோஸ்டால் என்னும் அம்மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்து மிச்சத்தைத் தள்ளும். வலியும் உதிரமும் சில மணி நேரம் மிகும். நடுக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும். சிலருக்கு இது முழுப் பலன் தராது. பின்னர் வேறு சிகிச்சை தேவைப்படும். மருந்துக் கடையில் யாரோ சொன்ன பெயரைக் கேட்டு வாங்கி விழுங்குவது பேராபத்து. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அம்மாத்திரை அதைத் தீர்க்காது. உயிருக்கே கேடாகும் வரை தெரியாமற்போகும்.

மூன்றாவது, கருவி கொண்டு எடுத்தல். இங்கேதான் நாம் கேட்டறியவேண்டியது மிகுதி. குழாயால் உறிஞ்சி எடுப்பது ஒன்று. கூரிய கரண்டியால் சுரண்டுவது மற்றொன்று. உறிஞ்சுவது சில நிமிட வேலை. கருப்பை வாயை மட்டும் மரக்கச்செய்தே பலருக்குச் செய்யலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பதினான்கு வாரத்துக்கு உட்பட்ட அரைகுறைக் கருச்சிதைவுக்கு உறிஞ்சுதலையோ மருந்தையோதான் உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. சுரண்டுதலால் கருப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பாகிவிடுவதுண்டு. 1948இல் ஆஷர்மன் என்னும் டாக்டர் இதை விவரித்தார். பின்னர் மாதவிலக்குக் குறைவதும், கரு தங்காமற்போவதும் அதனால் நேரலாம். எனவே, “உறிஞ்சுவீர்களா, சுரண்டுவீர்களா?” என்று பணிவாகக் கேட்பது அவமரியாதை ஆகாது. பல வாரம் உள்ளே தங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்ட மிச்சத்துக்கு, நுண்ணிய குழாய்க் கண்ணாடியால் உள்ளே பார்த்துக்கொண்டே எடுக்கும் முறையும் பெரிய நகரங்களில் உண்டு.

இன்னொன்று: ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்பதால் மட்டும் கருவி வேண்டியதில்லை, உறைந்த உதிரமும் அவ்வாறே தெரியும். உதிரப்போக்கு, காய்ச்சல், வலி இவற்றோடு சேர்த்தே டாக்டர் முடிவு செய்வார்.

மனைவியின் இரத்தம் நெகட்டிவ் இனமானால் அதை முதலிலேயே சொல்லவேண்டும். கருவி கொண்டு எடுப்பின், அடுத்த பிள்ளைக்குத் தீங்கு வாராதிருக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவது வழக்கம். சம்மதத் தாளில் வேண்டப்படுவதும் மனைவியின் கையொப்பமே. அவளுக்கு இந்தி தெரியாது என்பதால் அத்தாள் நம் கைக்கு வருகிறது. வாசித்து அவளுக்குத் தமிழில் சொல்லிவிட்டு அவளிடமே கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு 1961ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு அளித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது உண்டு. டாக்டர் சான்றிதழை வாங்கிவைத்தல் நலம்.

அன்பர் மறுநாளே மனைவியுடன் டாக்டரம்மாவிடம் போனார். காய்ச்சல் இல்லை, மாத்திரையா, உறிஞ்சுதலா என்பதை அவரையே முடிவு செய்யச் சொன்னாராம். ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வலியோடு கிடப்பதைவிட, ஒரு காலையில் முடிந்துபோகட்டும் என்று அவர் உறிஞ்சுதலைத் தேர்ந்தார். ஊரிலுள்ள அத்தைக்குத் தொலைபேசியில் விளக்கிச் சொன்னவரும் அவரே.