தாத்தாவோட கோல்ஃப் குச்சியை வெட்டலாமா?

மொதல்லயே சொல்லிடறேன். நான் கோல்ஃப்ல பெரிய கில்லாடி எல்லாம் இல்லை. மிச்சிகன்ல வருஷத்துல ஆறு மாசம்தான் புல்லு தெரியும், அந்த ஆறு மாசத்துல ஒரு பதினஞ்சு நாள் ஆபீஸ் நண்பர்களோட போய் பந்தைத் தொலைச்சுட்டு வர்ற ஆசாமி. ஆனா குச்சி விஷயத்துல ஒரு தடவை நல்லா சூடு பட்டிருக்கேன். இப்ப நம்ம வீட்டுப் பசங்க நிறைய பேர் கோல்ஃப் பக்கம் போறாங்க. வீட்டுக்கு வீடு "பழசை வெட்டிக் குடுக்கறதா, அளவெடுத்து புதுசு வாங்கறதா"ன்னு ஒரு பட்டிமன்றமும் நடக்குது. அதான் எழுதறேன்.

எங்க வீட்டுப் பட்டிமன்றம் 2021ல ஆரம்பிச்சது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பெங்களூர் பொண்ணு அதிதி அசோக் கடைசி நாள் வரைக்கும் மெடலுக்கு மோதினாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு ஷாட்ல வெண்கலம் போச்சு, நாலாவது இடம். அம்மாதான் கேடி, பை தூக்கிட்டு கூடவே நடந்தாங்க. நாங்க ராத்திரி முழிச்சு பார்த்தோம். எட்டு வயசு என் பொண்ணு மறுநாள் காலைல எழுந்ததும் கேட்ட மொத கேள்வி, "அப்பா, எனக்கு குச்சி?"

நான்தான் இஞ்சினியராச்சே. கராஜ்ல என் பழைய செட் கெடந்தது. 7, 9 ரெண்டையும் எடுத்தேன், ரம்பத்தால ஆளுக்கு ஆறு அங்குலம் அறுத்தேன், பழைய கிரிப்பையே திரும்ப மாட்டினேன். செலவு பூஜ்யம். தங்கமணி கிட்ட காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன் :-)

ரெண்டு மாசம். பந்து மேல எழும்பவே இல்லை. தரையோட உருண்டுது. மணிக்கட்டு வலிக்குதுன்னா. அப்புறம் ஒரு நாள் ரேஞ்சுல, "எனக்கு இது வராதுப்பா, நான் கார்லயே உக்காந்துக்கறேன்"னு சொல்லிட்டா. சரி, குழந்தைக்கு ஆர்வம் போயிடுச்சுன்னு நானும் விட்டுட்டேன். அவளுக்குத் திறமை இல்லைன்னு அவ நினைச்சுக்கிட்டா. உண்மையைச் சொல்லணும்னா நானும்தான் அப்படி நினைச்சேன். மூணு வருஷம் குச்சியைத் தொடலை. தப்பு குச்சியில இருந்ததுன்னு ஊருக்குப் போனப்பதான் தெரிஞ்சது.

ஊருன்னா சித்தூர். ஆந்திராவுல இருந்துக்கிட்டு தமிழான்னு கேக்கறவங்களுக்கு: 1911 வரைக்கும் எங்க சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகரம். ஜில்லா பிரிஞ்சுது, மாநிலம் பிரிஞ்சுது, நாங்க கிரீம்ஸ்பேட்டையிலயே இருந்துட்டோம். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு காலத்துல சாரி சாரியா ஜனங்க கோலார் தங்க வயலுக்கு வேலைக்குப் போனாங்க. எங்க தாத்தாவும் போனார், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல கணக்கு எழுதற வேலை. கேஜிஎஃப்ன்னா இப்ப எல்லாருக்கும் சினிமாதான் ஞாபகம் வரும். அப்ப அது குட்டி இங்கிலாந்து. துரைமார் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் உண்டு. 1956ல சுரங்கத்தை மைசூர் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, துரைமார் ஒவ்வொருத்தரா கப்பல் ஏறினாங்க. அப்படிக் கிளம்பின ஒருத்தர் தாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போனதுதான் அஞ்சு இரும்புக் குச்சியும் ஒரு புட்டரும். 2001 பிப்ரவரில சுரங்கத்தையே மூடிட்டாங்க. குச்சி மட்டும் சித்தூர் வீட்டுப் பரண்ல பத்திரமா இருந்துச்சு. கிரிப்புல இருந்த தோல் பிஞ்சு போய், தாத்தா அது மேல சைக்கிள் ட்யூபைச் சுத்தி வச்சிருந்தார்.

இந்தக் கோடை லீவுல பொண்ணு அதைப் பார்த்துட்டா. இப்ப பன்னெண்டு வயசு, நாலடி ஒன்பது அங்குலம். "கொள்ளுத் தாத்தாவோடதா? இதுல ஆடினா நான் ஜூனியர் லீக் சேர்றேன்"ன்னா. மூணு வருஷம் கழிச்சு அவ வாயில அந்தப் பேச்சு. எனக்கு இருப்புக் கொள்ளலை. இங்க ஒரு கடையில முன்னாடியே விசாரிச்சு வச்சிருந்தேன், அளவெடுத்து புது செட்டுன்னா ஆயிரத்துச் சொச்சம் டாலர். தாத்தா குச்சியை நாலு அங்குலம் வெட்டினா காசும் மிச்சம், சென்டிமென்டும் ஆச்சு!

வெட்டறதுக்கு ஆள் யாரு? திருப்பதி மாமா. அம்மாவோட தம்பி, திருப்பதி ரயில் பெட்டி பழுதுபார்க்கிற பணிமனையில முப்பது வருஷம் லேத் பார்த்து ரிட்டயர் ஆனவர். சித்தூர்ல இருந்து எழுபது கிலோமீட்டர். (2022 வரைக்கும் ரெண்டும் ஒரே ஜில்லா, இப்ப திருப்பதி தனி ஜில்லா.) மலைக்குப் போய் தரிசனம் முடிச்சுட்டு, லட்டும் கையுமா மாமா வீட்டுக்குப் போனோம்.

மாமா குச்சியைக் கையில வாங்கி, ஒரு நுனியை மேஜையோட அழுத்திப் பிடிச்சு, இன்னொரு நுனியை விரலால தட்டிப் பார்த்தார். எங்க தட்டினா எவ்வளவு ஆடுதுன்னு பார்த்துட்டு, "கட் செய்யொத்து ரா நாயனா"ன்னார். வெட்டாதே.

"ஏன் மாமா?"

"இரும்புக் கம்பிடா. நீளம் குறைஞ்சா விறைச்சுக்கும். நீதானே இஞ்சினியர், உனக்கு நான் சொல்லணுமா?"

அவ்வ்வ்வ். காலேஜ்ல படிச்சதுதான். ஒரு பக்கம் பிடிச்ச கம்பி எவ்வளவு வளையும்ங்கிறது நீளத்தோட கனத்தைப் பொறுத்தது, அதாவது நீளம் x நீளம் x நீளம். 37 அங்குல ஷாஃப்டை 33 ஆக்கினா 30 சதவீதம் கம்மியாத்தான் வளையும். ஏற்கெனவே அது ஒரு ஆம்பளைக்குச் செஞ்ச கம்பி. குழந்தைக்கு அதைவிட இளக்கமா வேணும், நாம வெட்டி இன்னும் விறைப்பாக்கிக் கையில குடுக்கறோம். எடையும் பெருசா குறையாது. இரும்பு ஷாஃப்ட் 120, 130 கிராம் இருக்கும், ஜூனியர் கிராஃபைட் ஷாஃப்ட் அதுல பாதிதான். நான் 2021ல ஆறு அங்குலம் அறுத்து எட்டு வயசுக் குழந்தைக்குக் குடுத்தது குச்சி இல்லை, கடப்பாரை. கிரிப்பும் அவ கைக்குள்ள அடங்கலை. பந்து எப்படிங்க எழும்பும்?

மாமா இன்னொண்ணும் சொன்னார். ரயில் சக்கரம் புதுசுல 915 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ஞ்சா லேத்துல ஏத்தி சீவி, திரும்ப வட்டமாக்கி அனுப்புவாங்க. அப்படி பல தடவை செய்யலாம். ஆனா இதுக்குக் கீழே கூடாதுன்னு ஒரு அளவு உண்டு, அதைத் தொட்டுட்டா எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் ஸ்க்ராப்புதான். "சீவலாம், எவ்வளவு சீவலாம்னு தெரிஞ்சு சீவணும்"னார்.

அங்க இருந்து வந்ததும் உக்காந்து யோசிச்சேன், இங்க ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிச்சேன். என் கட்சி இதுதான்.

பெரியவங்களுக்குப் பழைய செட்டைத் திருத்தறது நல்ல யோசனை. நம்ம ஆளுங்க பல பேர் அஞ்சரை அடிக்கு அக்கம் பக்கம். கடையில நிக்கிற குச்சி நம்மளைவிட உயரமானவங்களுக்குச் செஞ்சது. நாம குனிஞ்சு பிடிச்சா குச்சியோட மூக்கு தூக்கிக்கும், பந்து இடது பக்கமாவே ஓடும். "என் ஸ்விங்கு சரியில்லை"ன்னு யூட்யூப் பார்த்துக்கிட்டு இருப்போம். தலைக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கிற சாய்வை (லை ஆங்கிள்னு சொல்வாங்க) ஒண்ணு ரெண்டு டிகிரி வளைச்சா போதும். அடிச்சுச் செஞ்ச தலைன்னா சுலபமா வளையும், வார்ப்புன்னா ஜாக்கிரதையா செய்யணும். நீளமும் அரை அங்குலம் வெட்டலாம், தப்பில்லை. தலை லேசா இருக்கிற மாதிரி தோணும், ஆறு கிராம் ஈய டேப் ஒட்டினா சரியாயிடும். கிரிப் புதுசா மாட்டுங்க. எனக்கு எட்டுக் குச்சிக்கும் சேர்த்து 130 டாலர் ஆச்சு, இடது பக்கம் இருந்த குளத்துக்கு என் பந்து வரத்து கணிசமா குறைஞ்சிருக்கு.

ஆனா தாத்தா காலத்துத் தலையை எவ்வளவு திருத்தினாலும் இன்னிக்குத் தலை ஆகாது. நடுவுல சரியா பட்டாத்தான் பந்து போகும், கொஞ்சம் விலகினா கை அதிரும். நம்பர் கூட ஏமாத்தும். அந்தக் கால 7 நம்பர் கிட்டத்தட்ட 40 டிகிரி படுத்திருக்கும், இப்ப கடையில விக்கிற பல 7 நம்பர் 30 டிகிரிதான். பேருதான் ஒண்ணு. "பழைய 7ல நூறு கஜம்தான் போகுது, புதுசுல நூத்தி இருபது போகுது"ன்னு விக்கிறவர் காட்டும்போது இதையும் மனசுல வச்சுக்கங்க.

குழந்தைங்க விஷயம் வேற. நாமெல்லாம் "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே தைச்சுடுங்க"ன்னு வளர்ந்த ஜாதி. கிரீம்ஸ்பேட்டை டெய்லர் என் ஸ்கூல் பேன்ட்டுல உள்ள மடிச்சு ரெண்டு அங்குலத் துணி விடுவார், ஒவ்வொரு ஜூன்லயும் பிரிச்சு விட்டுக்குவோம். துணிக்கு அது சரி. பெரிய குச்சி குடுத்தா அதுக்கேத்த மாதிரி குழந்தை உடம்பைக் கோணிக்கும், கோணினதே பழகிடும். வெட்டின குச்சி குடுத்தா என்ன ஆகும்னு மேலேயே சொல்லிட்டேன்.

அதுக்காக ஆயிரம் டாலர் செட்டா? பன்னெண்டு வயசுல வருஷத்துக்கு ரெண்டு மூணு அங்குலம் வளர்றா. ஜூனியர் குச்சி செய்யற யுஎஸ் கிட்ஸ் கம்பெனிக்காரங்களே மூணு அங்குல உயரத்துக்கு ஒரு சைஸ்னு வச்சிருக்காங்க. அடுத்த கோடைக்கு ஆகாத சட்டைக்கு யாராவது பட்டுத் துணி எடுப்பாங்களா?

கடைக்காரங்க "சரியான அளவு இல்லாம கத்துக்கிட்டா தப்பாத்தான் கத்துப்பாங்க"ன்னு சொல்றதுல உண்மை இருக்கு. என் பொண்ணே சாட்சி. நான் சண்டை போடறது அதுக்கு அடுத்த வரியோட, "அதனால இந்தப் புது செட்டை வாங்குங்க". அளவெடுக்கறது ஒரு வேலை, விக்கிறது இன்னொரு வேலை. அளவுக்கு மட்டும் தனியா காசு குடுத்தேன். உயரம், மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும், கை விரல் நீளம், எவ்வளவு வேகமா சுத்தறா. ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கிட்டு, பழைய விளையாட்டுச் சாமான் விக்கிற கடையில அதே சைஸ்ல அஞ்சே குச்சி எடுத்தேன். இன்னொரு குழந்தை வளர்ந்து விட்டுட்டுப் போனது. 90 டாலர். அடுத்த வருஷம் அதே கடையில குடுத்துட்டு அடுத்த சைஸ்.

"செவே பலெஸ்டெரோஸ் ஒரே ஒரு பழைய 3 நம்பரை வச்சு கடற்கரையில கத்துக்கலையா? மும்பை செம்பூர்ல பசங்க வளைச்ச கம்பியில ஆடலையா?"ன்னு தங்கமணி மடக்கினாங்க. ஆடினாங்க. அந்தப் பசங்களுக்கு வேற வழி இல்லை. அப்படி ஆடிப் பார்த்து நமக்கு வராதுன்னு ஒதுங்கிப் போன குழந்தைங்க எத்தனை பேர்னு யாரும் எண்ணலை. என் வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, அதான் கேக்கறேன்.

எப்ப முழு செட் அளவெடுத்து வாங்கலாம்? வளர்த்தி நின்னு, ஸ்விங் ஒரு மாதிரி படிஞ்சு, வாரா வாரம் ஆட ஆரம்பிச்ச பிறகு. எனக்கே அந்தத் தகுதி இன்னும் வரலை, ஹி ஹி.

தாத்தா குச்சி என்னாச்சுன்னு கேப்பீங்க. அஞ்சு இரும்பும் முழுசா திரும்ப பரணுக்கே போயிடுச்சு. புட்டரை மட்டும் மாமா எடுத்தார். அதுல வீசற வேலை இல்லை, உருட்டற வேலைதான், கம்பி விறைச்சா ஒண்ணும் ஆகாது. மூணு அங்குலம் அளந்து வெட்டி, வாயை அரம் போட்டு வழிச்சார். தலை லேசாயிடுச்சுன்னதும் பக்கத்து டயர் கடையில இருந்து வீல் பேலன்ஸுக்கு ஒட்டற ஈய வில்லை ரெண்டு வாங்கி வந்து பின்பக்கம் ஒட்டினார். சைக்கிள் ட்யூபைக் கழட்டலாமான்னு கேட்டார். பொண்ணு வேணாம்னுட்டா.

சித்தூர் மொட்டை மாடியில சொம்பைப் படுக்க வச்சு அன்னிக்கு சாயந்தரம் இருட்டற வரைக்கும் உருட்டிக்கிட்டு இருந்தா. எங்க அம்மா நாலு தடவை சாப்பிடக் கூப்பிட்டாங்க.

பி.கு: "கைத்தடின்னு சொல்லி ப்ளேன்ல கையிலயே எடுத்துட்டுப் போயேன்"னு மாமா ஐடியா குடுத்தார். கேட்டுடாதீங்க. கோல்ஃப் குச்சிக்கு கேபின்ல அனுமதி கிடையாது. பெட்டியில குறுக்கால வச்சு, சுத்தி அப்பளக் கட்டும் ஊறுகாயும் அடைச்சுக் கொண்டு வந்தேன். ட்யூப் கிரிப்புல இன்னும் ஆவக்காய் வாசனை :-)