சாய்ந்தால்தான் பைக்கா?

அமெரிக்காவில் பைக் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிரே இன்னொரு பைக் வந்தால் இடது கையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி ஒரு சலாம். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் சரி. ஹார்லிக்காரர்கூட ஹோண்டாக்காரருக்கு வைப்பார் (ஒரு விநாடி யோசித்துவிட்டு!). இந்த ஒற்றுமைக்கு நடுவே வெடிகுண்டு மாதிரி வந்து விழுந்ததுதான் மூன்று சக்கர பைக். எதிரே வருவது மூணு சக்கரம் என்றால் சலாம் வைக்கலாமா, கூடாதா? சிரிக்காதீர்கள். நம்ம ஊர் டீக்கடையில் கூட்டணி பற்றிப் பேசுகிற அதே சூட்டோடு அங்கே இதைப் பேசுகிறார்கள்.

மூணு சக்கரம் ஒன்றும் புதுசு இல்லை. ஹார்லி கம்பெனியே 1932-லிருந்து 1973 வரை 'சர்வி-கார்' என்று ஒன்றைத் தயாரித்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. போலீஸ்காரர்கள் அதில் போய்த்தான் பார்க்கிங் சீட்டுக் கிழித்தார்கள். இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தை மாட்டி, 1948-ல் 'ஆப்பே' என்று விட்டார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் நம்ம ஆட்டோ. ஹாண்டில்பாரைப் பார்த்தாலே தெரியுமே! ஆக, மீட்டருக்கு மேலே கேட்டார் என்று நாம் சண்டை போடும் ஆட்டோ டிரைவர், கணக்குப்படி ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் வீரர்.

சண்டை பெரிதானது 2007-ல், கனடாவிலிருந்து கேன்-ஆம் ஸ்பைடர் வந்தபோது. இதில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய தவளை பாய வருகிற மாதிரி இருக்கும். இரண்டு சக்கரக்காரர்களின் முதல் குற்றச்சாட்டு இதுதான்: "வளைவில் சாயாத வண்டி பைக்கே இல்லை."

இதில் விஷயம் இருக்கிறது. வேகமாகப் போகும்போது இடது பக்கம் திரும்ப வேண்டுமானால், இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். அதாவது ஹாண்டிலை ஒரு கணம் வலது பக்கம் திருப்புகிறோம். வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்தபடியே திரும்பும். நீங்களும் நானும் தினமும் இதைச் செய்துகொண்டுதான் ஆபீஸ் போகிறோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. ஸ்பைடரில் இந்த வித்தை செல்லாது. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்பு, அவ்வளவுதான். வண்டி நட்டுக்க நிற்கும், ஓட்டுகிறவரை வெளிப்பக்கம் தள்ளும். முப்பது வருஷம் பைக் ஓட்டியவர்தான் முதல் நாள் அதிகம் தடுமாறுகிறார். கார் மட்டுமே ஓட்டியவர் ஜம்மென்று போய்விடுகிறார். எரிச்சல் வராதா, சொல்லுங்கள்?

இன்னொரு பழைய பழக்கமும் ஆபத்து. சிக்னலில் நின்றதும் கால் தானாகத் தரைக்குப் போகும் இல்லையா? பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் அப்படி ஊன்றினால், சொந்த டயரே சொந்தப் பாதத்தின் மேல் ஏறிவிடும்.

பாரீஸில் கதை வேறு. 2006-ல் பியாஜியோ எம்பி3 வந்தது. முன்னால் இரண்டு சக்கரம், ஆனால் இரண்டும் சேர்ந்து சாயும். சிக்னலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும். கோட்டு சூட்டு போட்ட ஆபீசர் ஷூவைத் தரையில் வைக்காமல் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கலாம். அதிலேயே அகலம் கூடிய மாடலுக்குக் கார் லைசென்ஸே போதும் என்றாகிவிட்டது. (2011-லிருந்து ஏழு மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றார்கள்.) கஷ்டப்பட்டு பைக் லைசென்ஸ் வாங்கியவன் வயிறு எரிந்தது இதில்தான். சாயவில்லை என்று திட்டியவர்கள், சாய்ந்தபோதும் திட்டினார்கள்! 2018-ல் யமஹா நிக்கன் 847 சிசி எஞ்சினோடு வந்து 45 டிகிரி வரை சாய்ந்து காட்டியது. "ஈர ரோட்டில் பிடிப்பு பிரமாதம்தான், ஆனாலும்..." என்று இழுத்தார்கள்.

அந்த 'ஆனாலும்' எனக்குப் புரிகிறது. நம்ம ரோட்டுக்கு இரண்டு சக்கரம்தான் சரி என்பது என் கட்சி. இரண்டு சக்கரத்துக்கு ஒரே தடம். பள்ளத்தை ஒடித்துத் தாண்டிவிடலாம். ஸ்பைடருக்கு மூன்று தடம். நீங்கள் எப்படி வளைத்தாலும் ஒரு சக்கரம் பள்ளத்துக்கென்றே நேர்ந்துவிட்டது. அகலமும் ஒன்றரை மீட்டர் வரும். தி.நகரில் அதை ஓட்டுவதற்கு, இறங்கி நடந்து போய்விடலாம்.

ஆனால் 'அது பைக்கே இல்லை' என்று சொல்கிற சங்கதியில் நான் சேர மாட்டேன். ஹோண்டா கோல்டு விங் சுமார் 380 கிலோ. ஓடும்போது பூ. நிற்கும்போது ஒரு பக்கம் சரிந்தால்? முட்டி ஆபரேஷன் ஆன அறுபத்தைந்து வயசுக்காரரால் அதைத் தாங்க முடியாது. அவருக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி. மூணு சக்கரம், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு ஈஸிசேர். அவருக்கு எதிரே போய், சலாம் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்ன வீரம்?

இங்கேயே பாருங்களேன். பின்னால் பக்கத்துக்கொரு சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர்களைத் தினம் பார்க்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசே தருகிறது. கணக்குப் பார்த்தால் அது நாலு சக்கரம். எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒருவர், சின்ன வயசில் போலியோ வந்தவர், பல வருஷமாக அதில்தான் வருகிறார். அதற்கு முன்னால் பஸ். "பஸ்ல நான் ஏறினதில்ல சார், என்னை ஏத்துவாங்க" என்பார்.

அவரிடமே கேட்டேன். "சாயாத வண்டி பைக் இல்லைங்கறாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?"

"பாலத்துல வளையும்போது நான் உடம்பை உள்பக்கம் சாய்ச்சுப்பேன் சார். இல்லேன்னா ஒரு பக்கம் தூக்கிடும். வண்டி சாயாது, நான் சாய்வேன். அதுல என்ன இப்போ?"

"அப்போ இரண்டா, மூணா, நாலா... எது உசத்தி?"

"அது கிடக்கட்டும். ஸ்டாண்டுல சாய்தளத்துக்குப் பக்கத்துல என் இடம் இருக்கில்ல, அதுல எவனோ பைக்கைக் குறுக்கே போட்டிருக்கான். உங்க செக்‌ஷன் பையன்தான்னு நினைக்கிறேன். கொஞ்சம் எடுக்கச் சொல்றீங்களா?"