சிவப்பு லைட் பொய் சொல்லவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும், அவர்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் தம்பிமாரும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கொமென்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு நம்மட பகுதியிலும் எலக்ட்ரிக் கார் கண்ணில் படத் தொடங்கிவிட்டது. சந்தோசம். 2022இல் பெற்றோல் ஷெட் வாசலில் இரவு பகலாகக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். என் கோபம் காரில் இல்லை. டிக்கிக்குள் கிடக்கிற எமர்ஜென்சி சார்ஜரை நாம் நடத்துகிற விதத்தில்தான்.

அந்தப் பெட்டியைச் சுவரில் குத்தியதும் அது முதலில் வீட்டு ஏர்த்தைச் சோதிக்கும். ஏர்த் சரியில்லை என்றால் சிவப்பு லைட் போட்டு, சார்ஜ் ஏற்ற மறுக்கும். நாம் உடனே சொல்வது என்ன? "சைனா சாமான், பழுதாப் போச்சு." இல்லை காக்கா. பெரும்பாலும் பழுது உங்கட வீட்டில். மகளுக்கென்று இருபது முப்பது வருசத்துக்கு முன் கட்டிய வீடு, நாலு பல்புக்கும் ரெண்டு ஃபேனுக்கும் செய்த வயரிங். கடற்கரை மணலில் அடித்த ஏர்த் கம்பியின் இணைப்பு உப்புக் காற்றில் களிம்பு பிடித்துப் போயிருக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேல்மணல் காய்ந்துவிட்டால், ஆழமில்லாத கம்பி இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

இதற்கு நம்மட ஊரில் ஒரு 'வைத்தியம்' செய்கிறார்கள். பிளக்குக்குள் அல்லது இடையில் போடும் அடப்டருக்குள் நியூட்ரலையும் ஏர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவது. பெட்டி ஏமாந்துவிடும், பச்சை லைட் எரியும். ஒழுங்கான ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டில் இந்த விளையாட்டு சரிவராது, ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். அப்போது அதையும் பைபாஸ் பண்ணிக் கொடுக்கிறார்கள்! ஒரு வீட்டில் என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டால், "சேர், எல்லாரும் இப்படித்தான் செய்யிற" என்கிறார் அந்தத் தம்பி.

எல்லாரும் செய்வதால் கரண்ட் அடிக்காமல் விடுமா?

நியூட்ரல் என்பது போன கரண்ட் திரும்பும் வழி. புயலிலோ, கம்பத்தில் இணைப்பு இளகியோ அந்த வழி அறுந்தால், எரிந்துகொண்டிருக்கும் பல்பு, ஃபேன் வழியாக வந்த 230 வோல்ட் திரும்ப வழியில்லாமல் நியூட்ரல் வயரில் நிற்கும். அதோடு ஏர்த்தைக் கட்டியிருந்தால் நேரே காரின் வெளித்தகட்டுக்கு வரும். கார் மட்டுமல்ல, ஏர்த் வயர் போகிற ஃபிரிஜ், தண்ணி மோட்டர், அயன் எல்லாவற்றுக்கும் வரும். பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்பு இதைத் தடுக்கும் என்று நம்பவும் முடியாது, ஏனென்றால் எல்லாப் பெட்டியும் ஏர்த் வயரைத் துண்டிப்பதில்லை. மழை பெய்து ஈரமான முற்றத்தில் வெறுங்காலோடு ஒரு பிள்ளை காரைத் தொட்டால்? 2025 நவம்பரில் டித்வா வந்தபோது நாட்டில் எத்தனை இடங்களில் கம்பி அறுந்தது என்று பார்த்தோம்தானே. இதே அடப்டரைத் தூக்கிக்கொண்டு சம்மாந்துறையில் மச்சான் வீட்டுக்கும் போகிறோம். அவருடைய உம்மா ஃபிரிஜ் கதவைத் திறக்கிறா. அவவின் உயிருக்கு யார் பொறுப்பு?

சாதாரண தர விஞ்ஞானத்தில் வீட்டு மின்சுற்று படிப்பிக்கிறோம். பிள்ளைகள் ஏர்த் எதற்கு என்று அழகாக எழுதி மார்க்ஸ் எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனால் வாப்பா அதை நியூட்ரலோடு கட்டி வைத்திருக்கிறார்.

இனி பராமரிப்பு. 10 ஆம்பியரில் அந்தப் பெட்டி 2.3 கிலோவாட் இழுக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்கு 18 யூனிட். மட்டக்களப்புக்குப் போய்வர, ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு, அது தாராளமாகப் போதும். ஆனால் கேத்தல் மாதிரி ஐந்து நிமிசத்தில் முடிகிற வேலை அல்ல அது, விடிய விடிய ஓடுவது. பல்பு மாட்டும் எக்ஸ்டென்ஷன் வயரிலும் மல்டி பிளக்கிலும் குத்தவே கூடாது. தனி வயரில் நல்ல 13 ஆம்பியர் பொயின்ட் ஒன்று போடுங்கள். 8 ஆம்பியருக்குக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். அரை மணித்தியாலம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றாலோ பின் கறுத்திருந்தாலோ நிறுத்திவிட்டு பொயின்ட்டை மாற்றுங்கள். பெட்டியைப் பிளக்கில் தொங்க விடாதீர்கள், அந்தப் பாரமே பொயின்ட்டை இளக வைக்கிறது. ஆணியில் மாட்டுங்கள். வயரைச் சுருட்டி வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். கழற்றும்போது காரில் சார்ஜை நிறுத்தி, கன்னைக் கழற்றி, பிறகுதான் சுவர். ஈரத்தோடும் மண்ணோடும் டிக்கிக்குள் வீசாமல் துடைத்து, மூடி போட்டு, பைக்குள் வையுங்கள். மாதம் ஒருக்கா அரை மணித்தியாலம் போட்டுப் பாருங்கள், அதே நாளில் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அழுத்துங்கள்.

"ஏர்த் அடிக்கச் செலவாகுமே சேர்" என்று ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார். கோடிக் கணக்கில் காருக்குக் கொடுத்தவர்!

வயரிங் செய்யும் தம்பிமாரே, காசு கொடுப்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்தக் கட்டைக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கட்டிக் கொடுத்த வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். மாரி தொடங்க முதல் போய், அதைக் கழற்றி, ஈரமண் வரைக்கும் கம்பியை இறக்கி, மீட்டர் வைத்து அளந்து கொடுங்கள். அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள்.