பன்னிரண்டுக்கு ஒன்று

இன்னிக்கு கொஞ்சம் சூடாத்தான் இருப்பேன். பொறுத்துக்குங்க மக்களே.

போன மாசம் நண்பர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தோம். பேச்சு ஊட்டி ரயிலுக்குப் போச்சு. சக்கர நாற்காலியில் வர்றவங்களும் ஏறுற மாதிரி ஒரு பெட்டியாவது அதுல வேணும்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒருத்தர் டீ கிளாஸை டொக்குனு வெச்சார். "ஹெரிடேஜ்ல எல்லாம் கை வைக்கக் கூடாதுங்க. அதோட அழகே போயிரும். எல்லாரும் எல்லா எடத்துக்கும் போயே ஆகணும்னு என்ன இருக்கு?"

நல்ல மனுஷர்தான். ரத்ததானம் எல்லாம் பண்றவர். அங்கேயே சண்டை போட முடியலை, வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரலை. அதனால இந்தப் பதிவு.

என் அக்காவைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். ரெண்டு வயசுல போலியோ. ரொம்ப வருஷம் காலிப்பர் போட்டு நடந்தாங்க. இப்போ பத்து வருஷமா சக்கர நாற்காலி. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. குடும்பத்தோட மலை ரயில்ல போலாம்னு நாங்க பிளான் போட்டப்ப அவங்க ஒண்ணும் அழலை, கோவிச்சுக்கலை. என் பையன் எடுத்து வெச்சிருந்த போட்டோக்களை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கணக்கு டீச்சர் மாதிரியே பார்த்தாங்க. "படி ஏறணும். கதவு ஒருக்களிச்சு ஏற்ற கதவு. உள்ளே எதிரெதிர் பெஞ்சு, நடுவுல முழங்கால் இடிக்கும். என் நாற்காலி அகலம் 64 சென்டிமீட்டர். இந்தப் பெட்டியில ஒண்ணு நான் ஏறலாம், இல்லேன்னா நாற்காலி ஏறலாம். ரெண்டும் சேர்ந்து ஏற முடியாதுடா தம்பி." அப்புறம், "நீங்க எல்லாம் ரயில்ல போங்க. நான் கார்ல வந்து குன்னூர்ல நிக்கிறேன்" அப்படின்னாங்க. சொன்ன மாதிரியே வந்து நின்னாங்க. கையில எல்லாருக்கும் வர்க்கி வேற.

உன்னைத் தூக்கி உட்கார வெச்சுட மாட்டோமான்னு கேட்டேன். முறைச்சாங்க. காரணம் எனக்கும் தெரியும். சில வருஷம் முன்னால ஒரு பெரிய ஸ்டேஷன்ல (பேர் வேண்டாம்) ரெண்டு பேர் அவங்களை நாற்காலியோட தூக்கி பெட்டிக்குள்ள வெச்சாங்க. பாதியில நாற்காலி சாஞ்சு போச்சு. கீழே விழலை. ஆனா பிளாட்பாரமே நின்னு வேடிக்கை பார்த்துச்சு, ஒருத்தர் செல்போன்ல போட்டோ எடுத்தார். அன்னிக்கு ராத்திரி அக்கா சாப்பிடலை. "உதவிதானே பண்ணினாங்க"ன்னு சொல்றவங்க ஒரு தடவை தன்னை அப்படித் தூக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

இப்போ "ஹெரிடேஜ்" விஷயத்துக்கு வருவோம்.

மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899-ல் திறந்தது. ஊட்டி வரைக்கும் 1908-ல் போனது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாங்க. எல்லாம் சரி, நமக்கும் பெருமைதான். நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. 1899-ல் இருந்த மாதிரியேவா இருக்கு அந்த ரயில்?

இல்லையே! நிலக்கரியில ஓடின இன்ஜின்களை ஃபர்னஸ் ஆயிலுக்கு மாத்தினாங்க. 2011-லிருந்து திருச்சி பொன்மலை பணிமனையில் எண்ணெயில் ஓடுற புது நீராவி இன்ஜின்களே செஞ்சாங்க. குன்னூருக்கு மேலே இழுக்கிறது டீசல் இன்ஜின். 2020-க்கு அப்புறம் சென்னை ஐ.சி.எஃப்.ல இந்தப் பாதைக்குன்னு புதுப் பெட்டிகளே தயார் பண்ணினாங்க, பெரிய ஜன்னல் எல்லாம் வெச்சு. இதுல எதுக்கும் "ஐயோ ஹெரிடேஜ் போச்சே"ன்னு யாரும் டீ கிளாஸை டொக்குனு வெச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் தேவைக்காகப் பண்ணினது. நான் அதைத் தப்புன்னு சொல்லலை. ஓடுற ரயில்னா மாத்தித்தான் ஆகணும், மாத்தாம வெக்கணும்னா மியூசியத்துல நிறுத்தணும். ஆனா வேடிக்கை பார்க்கிறவங்களுக்கு ஜன்னலைப் பெருசு பண்றப்ப வராத பாரம்பரியக் கவலை, ஏற முடியாதவங்களுக்குக் கதவைப் பெருசு பண்ணச் சொன்னா மட்டும் எங்கிருந்துங்க வருது?

இன்னொரு கூத்து சொல்றேன். 1998-ல் 'உயிரே' படத்துக்காக ஷாருக்கான் இதே ரயிலோட கூரை மேல ஏறி ஆடினார். கூரை மேல! ஊரே பார்த்து ரசிச்சோம். அந்த ரயில்ல கூரை மேல ஆட வழி இருக்கு, எங்க அக்கா உள்ளே உட்கார வழி இல்லை :-(

சரி, யுனெஸ்கோ கோவிச்சுக்குமா? இதுவும் டீக்கடையில வந்த வாதம்தான். நம்ம மலை ரயிலோட நீராவி இன்ஜின் வடிவமே சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரக் கம்பெனியோடது. பல் சக்கரம் பிடிச்சு ஏற்ற அந்தத் தண்டவாள முறையைக் கண்டுபிடிச்ச ரோமன் ஆப்ட்டும் சுவிஸ்காரர்தான். அதே சுவிஸ்ல ஆல்புலா, பெர்னினா மலை ரயில் பாதைகள் 2008-ல் உலக பாரம்பரியப் பட்டியலுக்குள்ள வந்துச்சு. அந்த ரயில்வே இப்போ தாழ்தளம் உள்ள புது ரயில்கள் ஓட்டுது. பிளாட்பாரத்திலிருந்து நாற்காலியை உருட்டிக்கிட்டே உள்ளே போலாம். பொதுப் போக்குவரத்து முழுக்க மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துற மாதிரி 2023 கடைசிக்குள்ள மாத்தணும்னு அங்கே சட்டமே போட்டு இருபது வருஷம் கெடு குடுத்தாங்க. யுனெஸ்கோ பட்டம் பறிபோகலை. நாம அவங்ககிட்டேருந்து இன்ஜின் வாங்கினோம், பல் சக்கரம் வாங்கினோம், இதை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

"அது பெரிய ரயில், நம்மளது சின்னது, இடம் ஏது?" அப்படின்னு அடுத்த வாதம். வேல்ஸ்ல ஃபெஸ்டினியாக்னு ஒரு பாரம்பரிய ரயில் இருக்கு. 1836-ல் ஸ்லேட் கல் ஏத்திக்கிட்டு வர்றதுக்காகத் திறந்த பாதை. தண்டவாளத்து அகலம் 597 மில்லிமீட்டர். ரெண்டு அடிகூட இல்லை. பொம்மை ரயில்னு சொல்றதுக்கு அதுதான் பொருத்தம். அதுல சக்கர நாற்காலி ஏற்ற பெட்டி இருக்கு. நம்ம ஊட்டி ரயிலுக்கு 1000 மில்லிமீட்டர். இனிமே இடம் இல்லேன்னு யாராவது சொன்னா இந்த ரெண்டு நம்பரையும் சொல்லுங்க. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கம் பஃபிங் பில்லின்னு ஒரு குறுகல் பாதை நீராவி ரயில், அங்கேயும் அதுக்குன்னு பெட்டி வெச்சிருக்காங்க.

பாதுகாப்பு பத்தின வாதத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். கல்லாறுக்கு மேலே பல் சக்கரப் பாதை, காடு, குகை, பாலம். வடகிழக்கு மழையில மண் சரிஞ்சு ரயில் நடுவழியில நின்னா எல்லாரையும் இறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போகணும். அப்போ நாற்காலியில இருக்கிறவங்களை என்ன பண்றது? நியாயமான கேள்வி. பழைய பெட்டிகள்ல கழிப்பறை வேற கிடையாது. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரப் பயணம், நடுவுல ஹில்குரோவ் மாதிரி இடத்துல நிக்கிறப்ப இறங்கிப் போயிட்டு வரணும். (அதே நடுக்காட்டுல எண்பது வயசு பாட்டியையும் கைக்குழந்தையையும் எப்படி இறக்குவீங்கன்னு யாரும் கேக்கறதில்லை. அவங்களுக்கு டிக்கெட் குடுத்துடறோம். சரி விடுங்க.)

அதனால மேட்டுப்பாளையத்திலிருந்தே வேணும்னு நான் பிடிவாதம் பிடிக்கலை. குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் பல் சக்கரமே இல்லை. டீசல் இன்ஜின், ஏறக்குறைய 19 கிலோமீட்டர். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு வரிசையா ஸ்டேஷன். அதுல ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி. அகலக் கதவு, ரெண்டு நாற்காலி நிக்கிற இடம், மடக்கி வைக்கிற சாய்தளம். ரெண்டு முனையிலயும் நாற்காலி போற கழிப்பறை. மத்த பெட்டியோட பெயிண்டும் வடிவமும் இதுக்கும் இருக்கட்டும், யார் வேண்டாம்னா? கண்ணு தெரியாதவங்களுக்கு அந்தப் பல் சக்கரம் எப்படி இருக்கும்னு கையால தடவிப் பார்க்க ஸ்டேஷன்ல ஒரு மாதிரி வெச்சா அதுவும் பெரிய செலவில்லை. 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ஸ்டேஷனை அக்கா கார் ரோட்டிலிருந்து பார்க்காம ரயில்லயே போய்ப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 41-ஆம் பிரிவு போக்குவரத்து பத்தினது. பழைய வாகனங்களையும் அவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு சொல்லுது. ஆனா கூடவே ஒரு வால். தொழில்நுட்ப ரீதியா முடியணும், பாதுகாப்பா இருக்கணும், பண ரீதியா கட்டுப்படியாகணும், வடிவமைப்புல பெரிய மாற்றம் வரக் கூடாது. இந்த வாலைப் பிடிச்சுக்கிட்டே எத்தனை வருஷம் வேணும்னாலும் தொங்கலாம். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த வால் பழைய பெட்டிக்குத்தான். புதுசா ஒரு பெட்டிக்குப் படம் வரையறப்ப இந்தச் சாக்கு எப்படிச் செல்லும்? அதுவும் 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரத்தூரி வழக்குல உச்சநீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையா இருந்தா போதாது, கட்டாயமா இருக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. விதியில "செய்யலாம்"னு இருக்கிறதை "செய்யணும்"னு மாத்த ஒரு மனுஷன் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கு பாருங்க.

"எத்தனை பேர் வரப் போறாங்க, அவங்களுக்காக இவ்வளவு செலவா?" இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப எரிச்சல். ஏற முடியாதவங்க வந்து நின்னு எண்ணிக்கை காட்டணுமாம், அப்புறம் கதவு வைப்பாங்களாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டுல மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அதுல முட்டி தேஞ்ச உங்க அம்மாவும் என் மாமியாரும் கணக்குல இல்லை. அவங்களுக்கும் அந்தப் படி உயரம்தான்.

நம்மால முடியாதுங்கிறதும் இல்லை. 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தார். குதுப் மினார், ஜந்தர் மந்தர் மாதிரி இடங்கள்ல அவருக்காக மரச் சாய்தளம் போட்டாங்க. தொல்லியல் துறைதான் போட்டுச்சு. குதுப் மினார் இடிஞ்சு விழலை. உலகப் புகழ் விஞ்ஞானி வந்தா பாரம்பரியம் கொஞ்சம் வளைஞ்சு குடுக்குது, ரிட்டயர்டு கணக்கு டீச்சர் வந்தா விறைச்சுக்குது. நம்ம மெரினாவுலயும் 2022 நவம்பர்ல கடல் வரைக்கும் மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல் வந்து உடைச்சுது, மறுபடி சரி பண்ணினாங்க. அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். அலை பக்கத்துல போய் நின்னு அரை மணி நேரம் ஒண்ணும் பேசலை. அறுபது வயசுக்கு மேல கடலை முதல்முறை கிட்டத்துல பார்க்கிறாங்க.

கடைசியா ஒரு கணக்கு, அக்கா சொன்னது. கட்டடங்கள்ல சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடறப்ப சரிவு 12-க்கு 1-ஐத் தாண்டக் கூடாதுன்னு அரசாங்க வழிகாட்டு நெறி இருக்கு. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம். ஊட்டி ரயில் பாதையில ரொம்பச் செங்குத்தான இடத்தோட ஏற்றம் எவ்வளவு தெரியுமா? அதுவும் ஏறக்குறைய 12-க்கு 1-தான்! ஆசியாவுலயே செங்குத்தான ரயில் பாதைன்னு பெருமையா சொல்றோமே, அதே சரிவு. "மலை முழுக்க எனக்கு ஏத்த சரிவுலதான்டா போட்டிருக்கான் வெள்ளைக்காரன். பிளாட்பாரத்திலிருந்து பெட்டிக்குப் போற அந்த ஒண்ணரை அடியிலதான் நமக்கெல்லாம் கணக்கு வரலை" அப்படின்னு சிரிக்கிறாங்க.

மேல சொன்ன ஒரு பெட்டி விஷயத்தை ரயில்வேக்கு மனுவா எழுதிட்டேன். அளவுகள் எல்லாம் அக்கா போட்டுக் குடுத்தது, படத்தோட. நாற்காலியில வர்றவங்க, வீட்டுல அப்படி யாராவது இருக்கிறவங்க உங்க நாற்காலி அகலம், திரும்ப வேண்டிய இடம், ஏற வசதியான உயரம் இதெல்லாம் எழுதி அனுப்புங்க. மனுவுல சேர்த்துடறேன். டீக்கடை நண்பர்கிட்டயும் கையெழுத்து கேட்டிருக்கேன். யோசிச்சு சொல்றேன்னார்.