இசை இதழும் சுரப் பக்கமும்

நம் மாணவர் சிலர் இசைக்கென ஓர் இதழ் வெளியிடக் கருதியிருத்தல் மகிழ்தற்குரியதே. ஆயின், கூடிய மூன்று மாலைகளும் அட்டைப் படத்தைப் பற்றிய வழக்கிலேயே கழிந்தன. வீணையோ யாழோ, அது பின்னர் ஆகுக. (யாழ் வரைய வல்லார் நம்முள் எவரோ, அறியேன்!) சுரப் பக்கங்களை அச்சிடும் முறையே முதற்கண் ஆராயத்தக்கது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடல்களை நாம் ஆலயங்களிற் பாடுகின்றோம். கீர்த்தனைப் புத்தகங்களோ பெரும்பாலும் இராகம், தாளம் இவற்றின் பெயரை மாத்திரம் தலைப்பிற் குறித்தொழிகின்றன. மெட்டு முதியோர் நாவில் வாழ்கின்றது; அவரோடு மறைகின்றது. என் பாட்டியார் பாடிய மெட்டொன்றை இன்று பாடுவார் எங்கள் ஊரில் இலர்.

ஆதலின் இதழ்தோறும் ஒரு கீர்த்தனையேனும் சுரப்படுத்தி வெளிவருதல் வேண்டும். மேல் ஸ்தாயிச் சுரத்தின்மீது புள்ளியிடுதல் வழக்கு. தமிழிலோ புள்ளி பெற்ற மகரம் மெய்யெழுத்தாகவே தோன்றிப் பயில்வோரை மயக்கும். புள்ளிக்கு மாறாகச் சிறு நட்சத்திரக் குறி இடலாமென்பது என் துணிபு. ஆதிதாளத்தின் எட்டு அக்ஷரமும் ஒரே வரியில் அடங்குமாறு பக்கம் அகன்றிருத்தலும் வேண்டும். அதற்காகும் செலவை அட்டையின் வர்ணத்திற் குறைப்போம். மெட்டறிந்த முதியோரை வரும் விடுமுறையிலேயே நாடிச் செல்வோமாக, படம் காத்திருக்கும்.